உங்களுக்குத் தெரியுமா? அரளியின் சொந்த ஊர் ஆறு!

சேலத்திலிருந்து கரூர் போகும் நான்குவழிச் சாலையில் பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், நாமக்கல் தாண்டியும் விடாமல் கூட வருவது சென்டர் மீடியனில் பூத்து நிற்கும் அரளிதான். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும். அரளிக்கு முகவாட்டமே இருக்காது. "தண்ணியே இல்லாத இடத்துல இது எப்படித்தான் பூக்குதோ" என்றார் பக்கத்து சீட்டுப் பெரியவர். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். "இதுக்குச் சொந்த ஊரே ஆறுதானுங்க" என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவரிடம் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இங்கே கொட்டுகிறேன்.

●

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், அரேபியா, ஈரான், பலூசிஸ்தான், அங்கிருந்து இமயமலை அடிவாரம் என்று நீளும் வறண்ட நாடுகளில், அரளி யாரும் நடாமல் தானாக முளைக்கும் இடம் ஆற்றுப்படுகை. அதுவும் வற்றாத ஆறு அல்ல. மழை பெய்தால் இரண்டு நாள் புரண்டு ஓடி, பிறகு மாதக்கணக்கில் கூழாங்கல்லாகவும் மணலாகவும் கிடக்கும் காட்டாறு. மேலே பார்த்தால் பொட்டல், தோண்டினால் ஈரம். அந்த ஈரத்தை எட்டிப்பிடிக்க வேர், மேலே அடிக்கும் வெயிலைத் தாங்க இலை, திடீர் வெள்ளத்துக்கு வளைந்துகொடுக்கக் கிளை. அரளியின் உடம்பில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் இதற்குள் அடங்கிவிடும்.

●

தாவரவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். 1753ல் லின்னேயஸ் வைத்தது. 'நீரியம்' என்பது பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஈரம், நீர் என்ற பொருளோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். இன்றைக்கும் கிரேக்க நாட்டில் தண்ணீருக்கு 'நெரோ' என்றுதான் பெயர். நம் 'நீர்' உங்கள் காதில் ஒலித்தால் அது உங்கள் சந்தோஷம். அதை வைத்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

●

மொராக்கோவில் வொலுபிலிஸ் என்ற ரோமானியப் பாழ்நகரம் இருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். அந்த மண்ணின் பெர்பர் மக்கள் அதை 'வலிலி' என்றார்கள். பக்கத்து ஓடையில் மண்டிக் கிடக்கும் அரளிக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர் என்கிறார்கள்.

●

ஜோர்டானில் பெட்ரா நகரைப் பார்க்கப் போகிறவர்கள் பாறையில் குடைந்த முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஓடைப் பள்ளத்தில் ரோஜா நிறத்தில் பூத்துக் கிடப்பது நம்ம அரளி என்று யாரும் கவனிப்பதில்லை.

●

ஐரோப்பாவின் 1992ஆம் ஆண்டு இயற்கை வாழிடச் சட்டத்தில் காக்கப்பட வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 92டி0 என்ற எண்ணில் வருபவை, அரளிப் புதர்கள் அடர்ந்த தென் ஐரோப்பிய ஆற்றோரங்கள். நாம் சென்டர் மீடியனுக்கு அனுப்பிய செடிக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு!

●

அங்க அடையாளம் சொல்லிவிடுகிறேன். அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரியும் புதர். 2 முதல் 6 மீட்டர் உயரம் வரை போகும். ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று மூன்று இலைகள், சூலம் நட்டதுபோல. ஈட்டி முனை போன்ற இலை, ஒரு சாண் நீளம் வரை. நடுநரம்பு தடித்து வெளுத்திருக்கும். அதிலிருந்து இருபக்கமும் நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி மெல்லிய நரம்புகள் நேராக ஓடும். ஓரத்தில் பல் கிடையாது. இலையை ஒடித்தால் பால் கசியும். எருக்கு, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி எல்லாம் இதன் குடும்பத்தார்தான். குடும்பம் பெரிது, ஆனால் நீரியம் என்ற பேரினத்தில் அரளியைத் தவிர வேறு இனமே கிடையாது. ஒற்றைப் பிள்ளை.

நம்மூர் அரளிக்கு மணம் உண்டு என்பதால் ஒரு காலத்தில் அதைத் தனி இனமாக வைத்திருந்தார்கள். இப்போது இரண்டும் ஒன்றே என்று சேர்த்துவிட்டார்கள்.

●

பி.எஸ்சி. தாவரவியல் படித்த எவரிடமும் 'அரளி இலை' என்று சொல்லிப் பாருங்கள். உடனே பிளேடும் கேரட்டும் ஞாபகம் வரும். கேரட் துண்டைப் பிளந்து, நடுவில் இலையைச் செருகி, மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய இருபதில் ஒன்று தேறும். அதைச் சாஃப்ரனின் சிவப்பில் முக்கி நுண்ணோக்கியில் வைத்தால், இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் குகைகள் தெரியும். ஒவ்வொரு குகை வாயிலும் மயிர் அடைத்திருக்கும். செடி மூச்சுவிடும் இலைத்துளைகள் எல்லாம் அந்தக் குகைகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. வெளியே அனல் காற்று அடித்தாலும் குகைக்குள் காற்று அசையாது; ஈரம் சட்டென்று வெளியேறாது. மேல்பக்கத்திலோ மெழுகுப் பூச்சு, அதன் கீழே அடுக்கடுக்காகப் புறத்தோல். மற்ற செடிகளுக்கு ஒரு வரிசை செல் போதும் என்றால் இதற்கு இரண்டு மூன்று வரிசை.

எங்கள் பாடப்புத்தகம் அரளியை 'வறண்ட நிலத் தாவரம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆற்றுச் செடிக்கு ஏன் பாலைவனத்து இலை என்று பரீட்சையில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் ஒரு வரிதான்: அதன் ஆறு வருஷத்தில் பெரும்பகுதி வறண்டே கிடக்கிறது.

●

ஒற்றை அரளிப் பூ ஒன்றைக் கையில் எடுங்கள். ஐந்து இதழ்கள், கீழே சேர்ந்து புனல் ஆகியிருக்கும். புனலின் வாயில் கிழிந்த துணி விளிம்பு மாதிரி ஒரு குஞ்சம் சுற்றி நிற்கும். அதையும் விலக்கினால் நடுவில் வெள்ளைப் பஞ்சுத் திரிபோல ஒன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். ஐந்து மகரந்தப்பைகளில் ஒவ்வொன்றின் தலையிலும் ரோமம் அடர்ந்த நீண்ட வால். ஐந்து வால்களும் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிவிட்டன. அவற்றுக்கு அடியில் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி, சூல்முடியை ஒட்டிப் பிடித்துக் கதவடைத்து நிற்கின்றன. பூச்சி உள்ளே வாய்க்குழலை நீட்டினால், திரும்ப இழுக்கும்போது இடுக்கில் சிக்கி, பசை பூசி, மகரந்தத்தையும் ஒட்டவைத்துத்தான் விடும். பார்த்து முடித்ததும் கையைக் கழுவிவிடுங்கள்.

●

அவ்வளவு சிரமப்பட்டு உள்ளே போகும் பூச்சிக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. அரளிப் பூவில் தேன் கிடையாது!

நிறம் உண்டு, மணம் உண்டு, புனல் உண்டு. பந்தல் போட்டு இலை விரித்துச் சோறு போடாத கல்யாணவீடு. ஹெரேரா என்ற ஸ்பானிய ஆய்வாளர் தென் ஸ்பெயினின் ஆற்றோர அரளிகளை ஆராய்ந்து 1991ல் எழுதினார். பூச்சிகள் வருவதே அபூர்வம், வந்தாலும் ஏமாந்து போகின்றன, பூக்கும் பூக்களில் சொற்பமே காயாகின்றன என்பது அவர் கண்டது. அனுபவமில்லாத பூச்சி ஒன்று இரண்டு பூவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அந்த ஒன்றிரண்டு ஏமாளித்தனத்தில்தான் அரளியின் வம்சம் ஓடுகிறது. வெயில் காலம் முழுக்கப் பூத்துத் தள்ளுவதன் கணக்கும் இதுதான்.

●

உங்கள் வீட்டில் அரளி, நந்தியாவட்டை இரண்டும் இருந்தால் ஒரு வேடிக்கை. ஒற்றைப் பூக்களாகப் பறித்து நேருக்கு நேர் பாருங்கள். இரண்டுமே காற்றாடி மாதிரி இதழ்களைச் சாய்த்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்று சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மற்றொன்று சாயும். மஞ்சள் அரளியும் ஈழத்தலரியும்கூட நந்தியாவட்டை கட்சிதான். அதாவது, பெயரில்தான் அவை அரளி. இதழின் முறுக்கிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

●

மஞ்சள் அரளி, பொன்னரளி என்று நாம் சொல்லும் செடி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரியார் ஆந்த்ரே தெவே என்பவரின் பெயர் அதன் தாவரவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இலை ஒரு கணுவில் மூன்றாக வராது, சுழன்று சுழன்று ஒவ்வொன்றாக வரும். காய் உருண்டையாக, பச்சையாக, நான்கு மூலை வைத்ததுபோல இருக்கும். அசல் அரளியின் காயோ ஜோடிக் குச்சி. ஆளைத் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

●

அந்த ஜோடிக் குச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முருங்கைப் பிஞ்சு போல, ஒரு சாண் வரை நீளும். முற்றிக் காய்ந்ததும் ஒரு பக்கம் மட்டும் வெடிக்கும். உள்ளே பழுப்பு ரோமக் குடுமி வைத்த விதைகள். காற்று கொஞ்சம், வெள்ளம் கொஞ்சம் என்று சுமந்துபோய் ஈர மணலில் இறக்கிவிடும். நம்மூரில் அரளிக் காயைப் பார்த்தவர்கள் குறைவு. நாம் வளர்ப்பதெல்லாம் குச்சி நட்டு வளர்ப்பது; அடுக்கு அரளியிலோ காய் தேடினாலும் அகப்படாது.

●

ஒற்றை, அடுக்கு, வெள்ளை, ரோஜா, செஞ்சிவப்பு, இளமஞ்சள் என்று உலகத்தில் பெயர் சூட்டப்பட்ட அரளி ரகங்கள் சுமார் 400. எல்லாம் ஒரே இனத்துக்குள்.

●

அலரியா, அரளியா? நூல்களில் 'அலரி'. தசை சதையானதுபோல நாக்கு அதைப் புரட்டி 'அரளி' ஆக்கிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் இன்றும் அலரிதான். அலர்தல் என்றால் மலர்தல். பழைய நிகண்டுகளில் அலரி என்பதற்குச் சூரியன் என்றும் பொருள் உண்டு. செவ்வரளிக்குக் கணவீரம், கணவிரம் என்றும் பெயர். மணிமேகலையில் மலர்வனத்துக்குப் போகும் வழியில் ஒரு பித்தன் வருவான். அவன் தோளில் கிடப்பது கணவிர மாலை, கூடவே எருக்க மாலை.

●

கொழும்பில் இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்துக்குத் தமிழில் 'அலரி மாளிகை' என்று பெயர். செவ்வரளித் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்களத்தில் 'அரலிய' என்றால் நாம் ஈழத்தலரி என்று சொல்லும் கோயில் மரம். ஆங்கிலேயர் அந்த வீட்டுக்கு வைத்த பெயரும் கோயில் மரங்கள் என்ற பொருளில்தான்.

●

வடமொழியில் அரளிக்குக் 'கரவீரம்'. திருவாரூர் மாவட்டத்தில் திருக்கரவீரம் என்றே ஒரு பாடல் பெற்ற தலம் இருக்கிறது. சம்பந்தர் பாடியது. தலமரம் அலரி. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூருக்கும் கரவீரம் என்ற பழம்பெயர் உண்டு. அந்த வட்டத்தின் பெயர் இன்றும் கர்வீர்தான்.

அதே வடமொழியில் இன்னொரு பெயர் 'அசுவமாரகம்'. குதிரையைக் கொல்வது என்று பொருள். பூவைப் பார்த்து ஒரு பெயர், குதிரையைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பெயர்.

●

சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தில் சாருதத்தனைக் கொலைக்களத்துக்கு அழைத்துப் போகும்போது கழுத்தில் போட்டிருப்பது கரவீர மாலை. மரண தண்டனை பெற்றவனுக்கு அடையாளம் அது. அதே பூ சிவனுக்கும் அம்மனுக்கும் அர்ச்சனைக்குப் போகிறது. இந்த முரண்பாடு யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததாகத் தெரியவில்லை.

●

சேலம் பக்கம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி என்பது வேலிச் செடி அல்ல, வெள்ளாமை. மல்லிகைபோல மொட்டாகவே பறிக்க வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை போகாது. அதனால் விடிவதற்கு முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டுகூட, காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கிலோக் கணக்கில் பை கட்டி, சேலம் மார்க்கெட் வழியாக வெளியூர்களுக்கு வண்டி ஏறும். ஐப்பசி கார்த்திகை முகூர்த்தம், ஆடி அம்மன் கோயில், ஆயுதபூஜை என்றால் விலை ஏறும். மற்ற நாளில் பறிகூலிக்கே தாளம். தேனில்லாத பூ என்பதால் பறிப்பவர்களுக்கு ஒரே ஒரு நிம்மதி: தேனீக் கூட்டம் அவ்வளவாக மொய்க்காது.

●

கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. மலபார் தேவஸ்வம் போர்டும் அப்படியே. பூஜைக்குத் தடை இல்லை. சாமி தலையில் இருக்கலாம், நம் உள்ளங்கைப் பாயசத்தில் விழக் கூடாது. நல்ல முடிவு; நம்மூர்க் கோயில்களும் யோசிக்கலாம்.

●

அரளி எப்படிக் கொல்கிறது? அதன் நஞ்சுகளில் பெரியண்ணன் ஒலியாண்டிரின். நம் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது. 1957ல் அதைக் கண்டு எழுதிய டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கூவுக்கு 1997ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அரளி நஞ்சு அந்த பம்ப்பின் குரல்வளையைப் பிடிக்கிறது. பம்ப் நின்றால் இதயத் துடிப்பின் தாளம் கெடும், நாடி விழும். இதயநோய்க்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் இதே பம்ப்பில்தான் வேலை செய்கிறது. டாக்டர் கையில் இருப்பது மருந்து; வேலியில் இருப்பதற்கு அளவு கிடையாது.

வேர், பட்டை, இலை, பூ, விதை என்று நஞ்சில்லாத பாகம் இல்லை. காய்ந்தாலும் போகாது. யாராவது வாயில் போட்டுவிட்டால் புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் என்று வீட்டில் நேரத்தைக் கழிக்காமல் 108க்குப் போன் போடுங்கள். வைத்தியம் இருக்கிறது. டிஜாக்சினுக்கு எதிராகச் செம்மறியாட்டின் உடலில் உண்டாக்கி எடுக்கும் எதிர்ப்பொருள் இதற்கும் கேட்கிறது. மஞ்சள் அலரி நஞ்சுக்கு அது வேலை செய்வதை இலங்கை மருத்துவமனைகளில் சோதித்து நிரூபித்த ஆய்வு 2000ல் லான்செட் இதழில் வந்தது.

●

நெப்போலியனின் படைவீரர்கள் ஸ்பெயினில் அரளிக் குச்சியில் இறைச்சியைக் குத்திச் சுட்டுத் தின்று மாண்டுபோனார்கள் என்று ஒரு கதை உலகமெல்லாம் சுற்றுகிறது. சிலர் அதையே அலெக்சாந்தர் படைக்கும் மாட்டிவிடுவார்கள். அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் அரளிக் குச்சியில் சாசேஜைக் குத்திச் சுட்டு, உள்ளே எவ்வளவு நஞ்சு இறங்குகிறது என்று அளந்து 2021ல் வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! கதை பொய்த்தது. அதற்காக யாரும் குச்சி ஒடிக்கக் கிளம்ப வேண்டாம்.

●

ரோமானியர் பிளினி, அரளி இலை நாலுகால் பிராணிகளுக்கு விஷம் என்று சரியாக எழுதினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனிதருக்குப் பாம்புக்கடி மருந்து என்றும் சேர்த்துவிட்டார்.

அவரை மட்டும் சொல்வானேன், 2020ல் கொரோனாவுக்கு ஒலியாண்டிரின் மருந்து என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு கிளம்பியது. அதை ஊட்டச்சத்துப் பொருளாக விற்க அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சம்மதிக்கவில்லை.

●

ஆடு தொடாது, மாடு தொடாது என்பார்கள். அரளியைக் குறிவைத்துத் தின்னவும் ஒருவன் இருக்கிறான். அரளி அந்துப்பூச்சியின் புழு. லின்னேயஸ் 1758லேயே பெயர் வைத்துவிட்ட பூச்சி. சுண்டுவிரலை மிஞ்சும் பச்சைப் புழு. வாலில் ஒரு கொம்பு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே முதுகில் இரண்டு நீலக் கண்கள் விழித்துப் பார்க்கும், கறுப்பு வளையமும் வெள்ளைப் பாப்பாவும் வைத்து. குருவிக்கு அது பாம்பு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அது பாம்பு. தாய்ப்பூச்சி சேலைக் கரைபோலப் பச்சையும் ரோஜாவும் கலந்த சிறகோடு, அந்தி சாய்ந்ததும் ஜெட் மாதிரி பறக்கும்.

●

அரளி இலைக்கு அடியில் வெள்ளிக் காதணி தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? வெண்புள்ளிக் கருப்பன் என்ற கறுப்புப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு அது. கண்ணாடிபோலப் பளபளக்கும். எதிரே நிற்கும் உங்கள் சட்டை நிறம்கூட அதில் தெரியும். நான் முதலில் பார்த்தபோது யாரோ தொங்கவிட்ட ஜிமிக்கி என்றே நினைத்தேன். பட்டாம்பூச்சியான பிறகு அது அவசரமே இல்லாமல் மிதந்து மிதந்து பறக்கும். வாயில் போட்டால் ருசி ஆகாது என்று பறவைகளுக்குத் தெரியும், ஆகவே பயமில்லை.

●

இளங்குருத்தில் மஞ்சள் பொடி தூவியதுபோல ஒட்டியிருப்பவை அரளி அசுவினிகள். மஞ்சள் உடம்பு, கறுப்புக் கால். நாம் காண்பதெல்லாம் பெண்கள்தான். ஆணின் தயவே இல்லாமல், முட்டையும் இடாமல், நேரே குட்டி போட்டுப் பெருகும். மருந்தடிக்க ஓடாதீர்கள், நாலு நாளில் பொறிவண்டு வந்துவிடும்.

●

ஜப்பானியர் அரளியை 'கியோச்சிக்குதோ' என்பார்கள். மூங்கில் போல இலை, பீச் மரம் போலப் பூ என்று அர்த்தம். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டில் குண்டு விழுந்தபின், 75 வருஷம் இந்த மண்ணில் புல் முளைக்காது என்று பேச்சு பரவியிருந்தது. கருகிய நகரத்தில் முதலில் பூத்த செடிகளில் ஒன்று அரளி. அந்த நகரம் ஆறுகள் பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் முகத்துவாரம் என்பதையும் சொல்ல வேண்டும். 1973ல் அரளியை நகரத்தின் மலராக அறிவித்தார்கள்.

●

வான்கா வரைந்த அரளியைப் பார்க்க நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். 1888ல் ஆர்ல் நகரில் இருந்தபோது, ஜாடியில் அரளிக் கொத்தும் பக்கத்தில் எமில் ஸோலாவின் நாவலுமாக வரைந்தார். எரிமலையில் புதைந்த பாம்பேயி வீடுகளின் சுவரிலும் அரளி ஓவியங்கள் உண்டு.

●

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் ஊருக்கு 'அரளி நகரம்' என்று செல்லப்பெயர். 1841ல் ஜமைக்காவிலிருந்து கப்பலில் வந்த தொட்டிச் செடியிலிருந்து ஊரே அரளியாகிவிட்டது. கலிபோர்னியாவிலோ நம்மைப்போலவே நெடுஞ்சாலை நடுவில் நட்டார்கள். 1990களில் இலை ஓரம் தீய்ந்து செடி செடியாகக் காய ஆரம்பித்தது. சைலெல்லா என்ற பாக்டீரியா, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி வழியாகப் பரவியது. வெயிலும் புகையும் செய்ய முடியாததை ஒரு கிருமி செய்துவிட்டது. ஒரே செடியை மைல் கணக்கில் நட்டால் இந்த ஆபத்து எங்கேயும் உண்டு. நம் சாலைத்துறைக்காரர்கள் காதில் போட்டுக்கொண்டால் நல்லது.

●

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் குளித்தவர்கள் 'காட்டலரி'யைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. பாறை இடுக்கில் வேரை இறுக்கி, ஓடும் தண்ணீரில் கிளைகளைப் படுக்கவிட்டுக்கொண்டு நிற்கும் புதர். இலை அச்சு அசல் அரளி. ஆனால் உறவே கிடையாது. அது ஆமணக்குக் குடும்பம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போர்ச்சுக்கல் பாதிரியார் லொரேரோ 1790ல் வைத்த ஹோமோனோயா ரிபாரியா என்ற பெயரில் 'ரிபாரியா' என்றால் ஆற்றங்கரையைச் சேர்ந்தது. மலையாளிகள் அழகாக 'ஆற்றுவஞ்சி' என்பார்கள். அகலமான இலையை வெள்ளம் கிழித்துவிடும். குறுகிய இலை நழுவிப் பிழைக்கும். இரண்டு குடும்பங்களுக்கு ஆறு ஒரே அளவில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறது.

●

கடைசியாக ஒன்று. சென்டர் மீடியனில் அரளி நடுவதற்கு எதிர்வண்டி விளக்கின் கூச்சத்தை மறைப்பது ஒரு காரணம். கால்நடை மேயாது என்பது இன்னொரு காரணம். அது முழுக்க உண்மை இல்லை. பச்சை இலையின் கசப்பில் ஆடு வாய் வைக்காமல் ஒதுங்கும்தான். வெட்டிப் போட்டு வாடிய இலையை மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். நான் ஆறாவது படிக்கும்போது அமராவதிக் கரையோரத்து எங்கள் அம்மிச்சியின் வெள்ளாடு அப்படித்தான் போனது. அடுத்த வீட்டில் வேலி கழித்து, சருகை எங்கள் கட்டுத்தறிப் பக்கம் குவித்திருந்தார்கள். காலையில் தின்றது, பொழுது சாயும்போது கால் பரப்பிப் படுத்துவிட்டது. "வேலிக்காரன் மேல தப்பில்ல கண்ணு, காஞ்சா விஷம் போயிருமுன்னு நெனச்சிருப்பான்" என்றார் அம்மிச்சி.

காய்ந்தாலும் போகாது. ஆகவே, அரளியைக் கழித்தால் சாலையோரம் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அடுப்பில் வைக்காதீர்கள், எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. ஆடுமாடு எட்டாத இடத்தில் குழி வெட்டி மூடிவிடுங்கள்.